பூட்டிய அறைக்குள் வள்ளுவர்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழை வாசிக்க ஒரு ஆண் குரல் இருக்கிறது. பெயர் வள்ளுவர். அமைப்புகளில் ‘நேரமும் மொழியும்’ போய், ‘பேச்சு’ பகுதியில் ‘குரல்களைச் சேர்’ என்பதை அழுத்தித் தமிழைத் தேர்ந்தெடுத்தால் இறங்கிவிடும். அதன்பிறகு இணையம் தேவையில்லை. வருசநாடு மாதிரி மலையடிவாரத்து ஊர்க்காரனுக்கு இது பெரிய வசதி.

ஆனால், குரல் வீட்டுக்குள் வந்துவிட்டாலும் எல்லோரோடும் பேசாது. பலபோல்கா போன்ற பழைய வாசிப்பு மென்பொருள்களைத் திறந்தால் பட்டியலில் வள்ளுவரைக் காணோம். காரணம் எளிது. பழைய மென்பொருள்கள் 2000-இல் வந்த சாபி 5 வழியாகக் குரல் தேடுகின்றன. புதிய குரல்களோ ‘ஸ்பீச்_ஒன்கோர்’ என்ற வேறு ரெஜிஸ்ட்ரிக் கிளையில் பதிவாகின்றன. ஒரே வீட்டில் இரண்டு வருகைப் பதிவேடு!

பூட்டைத் திறப்பது இப்படித்தான்: ஒன்கோர் கிளையின் ‘வாய்ஸஸ், டோக்கன்ஸ்’ பகுதியில் வள்ளுவர் பெயருள்ள பதிவை ஏற்றுமதி செய்து, நோட்பேடில் பாதையிலுள்ள ‘ஸ்பீச்_ஒன்கோர்’ என்பதை ‘ஸ்பீச்’ என்று மாற்றி, மறுபடி இறக்குமதி செய்ய வேண்டும். 32-பிட் மென்பொருளுக்கு ‘வாவ்6432நோட்’ கிளையிலும் இதையே செய்யணும். முதலில் ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது அதிகாரபூர்வ வழி அல்ல. என்விடிஏ பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தப் பாடே வேண்டாம். அது ஒன்கோர் குரல்களை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும்.

என் விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது. பார்வையில்லாத ஒருவருக்குக் குரல் என்பது அலங்காரம் இல்லை, அதுதான் திரை. அந்தத் திரையைத் திறக்க, கண்ணால் பார்த்து ரெஜிஸ்ட்ரி திருத்தத் தெரிந்த இன்னொரு ஆள் வேண்டும் என்றால் அது வடிவமைப்புக் குறைதான்.

சரி, பூட்டு திறந்தாச்சு. எல்லாம் முடிந்ததா? எந்தத் தமிழ்க் குரலையும் சோதிக்க எங்க மாவட்டத்திலேயே ஒரு நல்ல வாக்கியம் இருக்கிறது: “போடி, போடிக்குப் போய்ட்டு வாடி.” முதல் ‘போடி’ ஒரு பெண்ணை விரட்டுவது. இரண்டாவது போடிநாயக்கனூர், அங்கே ‘ப’ அதிர்ந்து ஒலிக்கும். எழுத்தில் இரண்டும் ஒன்று. பால் கறந்த ‘பாலு’க்கும் பக்கத்து வீட்டுப் ‘பாலு’வுக்கும் இதே கதைதான். ‘கம்பம்’ பிரச்சினையில்லை, சொல் முதலில் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின் அதிர்வொலி என்ற விதியே போதும். ‘போடி’ அந்த விதிக்கு அடங்காது. சூழல் தெரியணும், அல்லது விதிவிலக்குப் பட்டியல் வேண்டும்.

நாமே திருத்தலாமே என்று தோன்றும். என்விடிஏ-வில் ஒரு சொல்லுக்குப் பதில் வேறு சொல்லை வாசிக்கச் சொல்லும் அகராதி உண்டு. ஆனால் பதிலாக எதை எழுதுவது? நம்மிடம் இருப்பது ஒரே ‘ப’. கிரந்த எழுத்தும் உதவாது. திருத்தம் குரல் இயந்திரத்துக்குள்ளேயே நடக்கணும்.

அதனால்தான் ஈஸ்பீக் எனக்கு முக்கியம். கேட்க இயந்திரத்தனமாக இருக்கும், உண்மை. பதிவு செய்த மனிதக் குரலை ஒட்டாமல் கணக்குப் போட்டு ஒலியை உருவாக்குவது அது. ஆனால் அதன் தமிழ் விதிகளும் விதிவிலக்குப் பட்டியலும் திறந்த கோப்புகள், ஒலிக்குறியிலேயே எழுதலாம். எட்ஜ் உலாவியில் வரும் பல்லவி, இலங்கைத் தமிழுக்கான சரண்யா, சிங்கப்பூர் தமிழுக்கான வெண்பா எல்லாம் கேட்க இதமானவை. ஆனால் நெட் இல்லாவிட்டால் வாய் திறக்காது. உள்ளே கைவைக்க நமக்கு வழியும் இல்லை.

இனிமைக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் ஈஸ்பீக் கடைசி. தன் தவறைத் திருத்த நம்மை அனுமதிக்கிறதா என்று கேட்டால் அதுதான் முதல். உங்கள் ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தப்பாகச் சொன்னால், அந்தப் பட்டியலில் சேர்க்க ஒரு வரி போதும்.