விஞ்ஞான மாணவரும் எழுத்தாற்றலும்: கிறீன் மரபு பற்றிய ஒரு மதிப்பீடு

விஞ்ஞானம் பயில்வோர்க்குச் சமன்பாடும் செய்முறையும் போதும், எழுத்தாற்றல் கலைப்பீடத்தாருக்கே உரியது என்னும் எண்ணம் இலங்கைப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியதொன்று. ஈழத்துக் கல்வி வரலாறே இவ்வெண்ணத்தை மறுக்கின்றது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்தார். 'இரண வைத்தியம்' (1867), 'கெமிஸ்தம்' (1875) முதலியன அம்முயற்சியின் பேறுகளாம்.

கிறீனைப் பற்றி எழுதுவோர் அவரது கலைச்சொல்லாக்கத்தையே பெரிதும் போற்றுவர். அதனினும் நோக்கற்பாலது அந்நூல்கள் உருவான முறையாகும். மொழிபெயர்ப்பில் அவருடைய மாணவர் பெரும்பங்கு கொண்டனர், கிறீன் திருத்தினார். தாம் கற்றதை, ஆங்கிலமறியாத இன்னொருவர் கற்கும்வண்ணம் எழுதவேண்டிய பொறுப்பு அம்மாணவரைச் சார்ந்தது. ஒரு நரம்பின் போக்கை அரைகுறையாக விளங்கிக்கொண்டவர் ஆங்கிலத் தொடரை மனனஞ் செய்து பரீட்சையில் தப்பிவிடலாம். அதனைத் தமிழில் விளக்கப் புகும்போது தப்புதல் அரிது.

இம்மரபு குறையற்றதன்று. 1852இல் வெளியான நூலொன்றின் பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. வடசொற் செறிவு வாசகரை வாயிலிலேயே தடுத்துவிடுகின்றது. மேலும், 1873இல் கிறீன் தாயகம் திரும்பியபின் இப்போதனை நெடிது நிலைக்கவில்லை. உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வாயிலாயிருந்த காலனித்துவச் சூழலையும் ஈண்டுக் கருதல் வேண்டும். தமிழால் இயலாமற் போயிற்று எனக் கொள்வது பொருந்தாது.

இன்றைய தமிழ் மாணவர் உயர்தரம் வரை தமிழிற் பயின்று, விஞ்ஞானபீடத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதவேண்டியவராகின்றனர். அவருக்கு வாய்க்கும் முதன்மையான எழுத்துப் பயிற்சி செய்முறை அறிக்கையே. ஆயின், அதனை வாசிக்கும் விரிவுரையாளர் விடையை முன்னரே அறிந்தவர். எனவே அறிவித்தலுக்கு மாறாக ஒப்புவித்தலே அங்கு நிகழ்கின்றது. முந்திய ஆண்டு மாணவரின் கொப்பியிலுள்ள வாக்கியங்கள் அடுத்த ஆண்டுக்கும் பயன்படுகின்றன.

நியமிப்புப் பரிசோதனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாசிப்புகள் ஒவ்வாதபோது 'மனித வழுவால் வேறுபாடு ஏற்பட்டது' என எழுதுவது வழக்கம். இவ்வாக்கியம் எதனையுங் கூறவில்லை. 'முடிவுப்புள்ளியைக் கடந்து ஒரு துளி விழுந்தது. அதன் கனவளவு ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர், வாசிப்புகளின் வேறுபாடோ 0.4 மில்லிலீற்றர்' என்று எழுதுபவர், துளி மட்டுங் காரணமாகாது என்பதை எழுதும்போதே கண்டுகொள்வர். அளவியின் முனையில் வளிக்குமிழி இருந்ததா எனத் தேடும் எண்ணம் அவ்வாக்கியத்திலிருந்தே பிறக்கின்றது. எழுத்து சிந்தனையின் கருவியாவது இவ்வாறுதான்.

ஆங்கிலப் பயிற்சி வகுப்புகள் தேவையே. எனினும், இலக்கணத் திருத்தம் மாத்திரம் இக்குறையைப் போக்காது. ஒரே பரிசோதனையை ஆங்கிலத்தில் ஆசிரியருக்கும், தமிழில் உயர்தர மாணவர் ஒருவருக்குமாக இருமுறை எழுதும் பழக்கம் வேண்டும். அறியாதார் ஒருவரை முன்னிறுத்தி எழுதுகையில், கண்டது எது, ஊகித்தது எது என்னும் பாகுபாடு தெளிவுபெறும். இரு மொழிகளும் வளம்பெறும். மானிப்பாய் மாணவர் நூலெழுதிப் பெற்ற பயிற்சியை இன்றைய மாணவர் இவ்வழியிற் பெறல் கூடும். அதற்குக் களம் அமைத்துக் கொடுத்தல் விஞ்ஞானபீடங்களினதும் தமிழ்ச் சங்கங்களினதும் கடனாகும்.