நகைச்சுவைச் சித்திரக்கதையும் கமத்துச் சூழலியலும்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார். அந்நகை இளமை, மடன், பேதைமை, எள்ளல் ஆகிய நான்கன்வழிப் பிறக்கும் என்றும் வகுத்தார். சிறுவர்க்கென ஆக்கப்படும் நகைச்சுவைச் சித்திரக்கதைகளை மதிப்பிடுதற்கு இப்பகுப்பு நல்லதோர் அளவுகோலாகும். வயலிலும் தோட்டத்திலும் வாழும் உயிர்கள் ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவைச் சிறுவர்க்கு உணர்த்த முற்படும் கதை, எதனைக் காட்டிச் சிரிப்பூட்டுகின்றது? அது எதனைக் கற்பிக்கின்றது என்பதும் அவ்வினாவின் விடையிலேயே தங்கியுள்ளது.

ஈழத்துச் சிறுவர் இலக்கியத்திற் கமத்தையும் நகையையும் ஒருங்கே இணைத்தவர் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953). அவர் பாடிய ‘கத்தரி வெருளி’ தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் நாவிற் பயின்று வருவது. தோட்டத்தின் நடுவே நிற்கும் வைக்கோற் பொம்மையைக் கூலி வாங்காத காவற்காரனாகப் புலவர் புகழ்கின்றார். உயிரற்ற ஒன்றைக் கடமை வீரனாக்கும் அப்பொய்ப் புகழ்ச்சியிலே நகை பிறக்கின்றது. எவரையும் புண்படுத்தாத தூய நகை அது. ஆயினும், சூழலியல் நோக்கில் ஒரு குறையுண்டு. அப்பாடலிற் காகம் கள்வனாக மட்டுமே வருகின்றது. ஏர்ச்சாலின் பின்னே நடந்து மண்ணிற் கிடக்கும் புழுக்களைப் பொறுக்கித் தின்னுங் காகத்தை அங்குக் காணோம். புலவர் காலத்து நோக்கம் வேறாதலின் இஃது அவர்க்குக் குற்றமன்று. இன்று அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் நிரப்பவேண்டிய இடம் எனலாம்.

1980களில் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த ‘பூந்தளிர்’ இதழின் ‘காக்கை காளி’ இதற்கு மறுதலையானது. இங்குக் காகம் அறிவும் அருளும் உடையது. எளிய பிராணிகளை நரியிடமிருந்தும் முதலையிடமிருந்தும் காப்பது. நரியின் சூழ்ச்சி ஒவ்வொரு முறையும் முறிய, சிறுவர் கைகொட்டிச் சிரிப்பர். ஓவியத்தின் ஓட்டமும் உரையாடலின் சுருக்கமும் பாராட்டுக்குரியன. எனினும், இந்நகை எள்ளலின் பாற்பட்டது. பசித்த விலங்கு இங்குத் தீயோனாகி விடுகின்றது. பஞ்சதந்திர மரபில் விலங்கு மனிதனின் முகமூடியாதலின் நீதிக்கதைக்கு இது பொருந்தும். இயற்கைப் பாடத்திற்குப் பொருந்தாது. எலியைத் தின்னும் நரி கமக்காரனுக்கு உதவியும் செய்கின்றது. உண்பதும் உண்ணப்படுவதுமாகிய உறவில் நல்லோருமில்லை, தீயோருமில்லை.

அவ்வாறாயின் நகைக்கு இடம் யாது? மனிதனின் பேதைமையே என்போம். அதற்குத் தக்க சான்று நம் மலையகத்திலேயே உண்டு. தேயிலையின் இலைகளை நூலாற் பிணைத்து, உள்ளிருந்து தின்னும் புழு ஒன்று தோட்டங்களைப் பெரிதும் வருத்தியது. அதனை அடக்குதற்கு 1935ஆம் ஆண்டளவிற் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொணரப்பட்டது. புழுவினுடலில் முட்டையிடுவது அக்குளவியின் இயல்பு. வெளிவருங் குஞ்சு புழுவையே உண்டு வளரும். புழுவின் பெருக்கம் அடங்கிற்று. பின்னர், 1950களில், கிளைகளைத் துளைக்கும் வண்டினை ஒழிக்க டீல்ட்றின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. வண்டுக்கு வைத்த நஞ்சு குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த புழு மீண்டும் பெருகிற்று. கூலி கேளாது காவல் புரிந்தவனை நாமே கொன்று, களவு போயிற்று என்று புலம்பினோம்! புலவரின் வெருளி பொய்க் காவலாளி; இக்குளவியோ மெய்க் காவலாளி.

இவ்வரலாற்றைச் சித்திரக்கதையாக்கின் அதன் சிறப்பு விளங்கும். பாடநூல் காரணத்தையும் காரியத்தையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடும். சித்திரக்கதையோ ஒரு கட்டத்திற் காரணத்தையும் அடுத்த கட்டத்திற் காரியத்தையும் நிறுத்தும். இடையேயுள்ள வெளியைச் சிறுவனின் சிந்தை தானே கடக்கவேண்டும். முதற் கட்டத்தில் வெற்றிப் பெருமிதத்தோடு மருந்துக் குழாயைத் தோளிலேற்றும் மனிதன்; அடுத்ததில் இலைப் பொதிக்குள் விருந்துக்கு ஆயத்தமாகும் புழுக்கூட்டம். சொல் வேண்டியதில்லை, சிரிப்பு வரும், சிரிப்போடு ‘ஏன்?’ என்னும் வினாவும் வரும். அவ்வினா எழாவிடில், எத்துணை அழகாகத் தீட்டப்பட்டிருப்பினும், அது பாடத்தின் மேற் பூசிய சர்க்கரையே.

புழுவின் உடலைக் குஞ்சு தின்பதைச் சிறுவர்க்குக் காட்டலாமோ எனச் சிலர் ஐயுறுவர். கோழி புழுவைக் கொத்துவதை நாளும் காணும் பிள்ளைக்கு இது புதுமையன்று. குளவிக்குப் பொட்டிட்டுப் புன்னகை வரைந்து அன்பே உருவாக்குதல்தான் பிழை. அது நரியைத் தீயோனாக்கிய பிழையின் மறுபுறமேயாம்.

பாத்திரமும் மொழியும் மண்ணுக்கு உரியனவாதல் வேண்டும். ‘தினகரன்’ இதழில் ஓவியர் சுந்தர் படைத்த ‘சவாரித் தம்பர்’ மக்கள் மனத்தில் நிலைத்தமைக்கு, யாழ்ப்பாணத்துப் பேச்சும் நடையும் அதிற் குடிகொண்டிருந்தமையே காரணம். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் பிள்ளைக்குக் கொழுந்தும் கவ்வாத்தும் பீலிக்கரையும் லயத்து வாசலும் தெரிந்தவை. அவனது கதை அங்கே தொடங்கட்டும். கிராமத்துப் பிள்ளைக்கோ பலாவும் கமுகும் மிளகும் அடுக்கடுக்காய் வளருங் கண்டி வீட்டுத் தோட்டமே போதிய களமாகும்.

ஆரம்ப வகுப்புகளிற் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் ஒரு பாடமாக உள்ளது. அப்பாடத்தினுள் நகை நுழைவதை விளையாட்டென்று தள்ளுதல் கூடாது. தோட்டத்துப் பிள்ளைகள் பலரின் பெற்றோர் நஞ்சு தெளிக்குந் தொழிலோடு பழகுவோர். ஊர்வன பறப்பன யாவும் பகை என்று கற்ற பிள்ளை, நாளை மருந்துக் குழாயை ஆராயாது கையிலெடுப்பான். மனிதப் பேதைமையைக் கண்டு சிரிக்கக் கற்ற பிள்ளையோ, எடுக்குமுன் ஓர் இலையையேனும் புரட்டிப் பார்ப்பான். ஓவியம் வல்ல நம் மாணவரும் எழுத்தார்வமுள்ள ஆசிரியரும் ஒன்றுகூடி இத்துறையிற் கைவைப்பின், சிறுவர் இலக்கியமும் வளம் பெறும். மலையின் மண்ணும் நலம் பெறும்.