தனிப்பாறை எதைத் தடுக்கும்?

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்குள் கேள்வி கேட்காமல் கைமாறி வரும் அறிவுரை ஒன்று உண்டு. வேகமாகப் படரும் மென்பவளத்தைப் பெரிய பாறையில் ஒட்டாதே. ஒரு சிறு கல்லில் ஒட்டி, சுற்றிலும் மணல் விட்டுத் தனியே வை. நல்ல அறிவுரைதான். எல்லா மென்பவளங்களுக்கும் இதையே சொல்வதுதான் பிழை. அவை படரும் விதம் ஒன்றல்ல.

இந்த முறை சிறப்பாகப் பலன் தருவது கிரீன் ஸ்டார் பாலிப்புக்கு. ஊதா நிறப் பாயாக விரிந்து, அருகம்புல் ஓடுதண்டு விடுவது போல விளிம்பை நீட்டிக்கொண்டே போகும் பவளம் அது. மணலில் பிடிப்பு கிடைக்காமல் தயங்கும். மீறி நீண்டாலும் விளிம்பைக் கத்தரிக்கலாம், பாயையே உரித்தெடுக்கலாம். கல் கண்ணாடியைத் தொடாமல் இருந்தால் போதும்.

கென்யா மரம் என்ற மென்பவளத்திடம் இதே முறை தோற்றுப்போகிறது. அது தன் கிளை நுனிகளைத் தானே உதிர்க்கிறது. உதிர்ந்த துண்டை நீரோட்டம் தூக்கிச் சென்று எட்டாத இடுக்கில் சேர்க்கும். அங்கே புதுப் பவளம் கிளம்பும். மணல் இடைவெளி எவ்வளவு இருந்தும் பயனில்லை. காளான் பவளமோ நகரும்போதே அடிப்பாதத்தின் துணுக்கை விட்டுச்செல்லும். ஒவ்வொரு துணுக்கும் ஒரு காளானாகும். அதைக் கத்தியால் சுரண்டுகிறவர் களையெடுப்பதாக நினைத்து விதைக்கிறார். அது ஒட்டிய கல்லையே உடைத்து வெளியே எடுப்பதுதான் வழி.

ஜீனியா என்ற மென்பவளத்தின் கதை வேறு. கையை மூடித் திறப்பது போன்ற அதன் துடிப்புக்கு மயங்காதவர் குறைவு. அந்தத் துடிப்பு வெறும் அழகல்ல. செங்கடலின் எய்லாத் பகுதியில் அதன் நெருங்கிய உறவான ஹெட்டரோஜீனியாவை ஆராய்ந்த இஸ்ரேல் அறிவியலாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவு இது: துடிப்பு, திசுவைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜனை அகற்றி, உள்ளே வாழும் பாசிகளின் ஒளிச்சேர்க்கையைப் பல மடங்கு கூட்டுகிறது. உணவுக்குக் குறைவில்லாத இந்த உயிர் பிளந்து பிளந்து பெருகும். பக்கத்துக் கல் எட்டினால் அதிலும் தொற்றிக்கொள்ளும். தனிப்பாறை அதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே.

தடுப்பு தோற்றபின் அழிப்பு வருகிறது. கால்சியம் ஹைட்ராக்சைடைக் குழைத்து ஊசியால் பவளத்தின் மேல் வைப்பது பழைய முறை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதே பொருள்தான். தொட்டிக்குத் தூய்மையானது வேண்டும். இதன் பெரிய நன்மை, வைத்த இடத்தை மட்டுமே சுடுவது. கை மிஞ்சினால் தொட்டி முழுவதும் காரத்தன்மை ஏறிவிடும் என்பதால் ஒரு நாளைக்குச் சில பாலிப்புகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் நிறையக் கொன்றால் அழுகும் திசு அம்மோனியாவையும், மென்பவளங்கள் தற்காப்புக்குச் சேர்த்துவைத்த டெர்பீன் வேதிப்பொருள்களையும் நீரில் விடும். கரி வடிகட்டியும் தண்ணீர் மாற்றமும் அப்போது கட்டாயம்.

ஃபென்பெண்டசோலை நான் ஏற்கமாட்டேன். கால்நடைகளுக்கும் நாய்க்கும் தரும் இந்தக் குடற்புழு மருந்து ஜீனியாவையும் கிரீன் ஸ்டாரையும் கொல்லும் என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். நத்தைகளும் குழாய்ப்புழுக்களும் சேர்ந்து சாவதும், மருந்து பாறைக்குள் தங்கி நெடுநாள் தொல்லை தருவதும் அதே அனுபவம்தான். ஒரு பவளத்தின் மீதான சினத்துக்கு மற்ற உயிர்கள் ஏன் பலியாக வேண்டும்?

பாறையைக் கொதிக்க வைப்பது இன்னும் மோசம். ஸோவாந்திட்கள் வகைப்பாட்டில் மென்பவளம் அல்ல என்றாலும் கடைகளில் அவற்றோடு சேர்த்தே விற்கப்படுகின்றன. அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. பாறை கொதிக்கும்போது எழும் ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை, படர்வதற்கான காரணத்தைத் தொடாமல் விடுவது. பசிபிக்கின் பால்மைரா பவளத்தீவில் 1991இல் ஒரு மீன்பிடிக் கப்பல் மூழ்கியது. பின்னர் அந்த இடத்தைச் சுற்றி ரோடாக்டிஸ் என்ற காளான் பவளம் பெரும்பரப்பில் பாறைப் பவளங்களை மூடிவிட்டது. துருப்பிடித்த இரும்பு ஊட்டமாகியிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர். 2013இல் கப்பல் எச்சத்தை அகற்றும் பணி நடந்தது. தொட்டியில் அந்த இரும்பின் இடத்தில் இருப்பது மிஞ்சிய தீனி, நைட்ரேட், பாஸ்பேட். அவற்றைப் பூச்சியத்துக்கு இறக்கினால் மற்ற பவளங்களும் பட்டினி கிடக்கும். அளவோடு குறைத்தால், களையெடுத்த இடம் மறுபடி மூட நாளாகும்.

வெட்டியதை என்ன செய்வது என்பதைத்தான் நம் வட்டாரத்தில் குறைவாகப் பேசுகிறோம். சாகாத பவளம் என்று சொல்லிப் புதியவர் கையில் கொடுத்துவிடுகிறோம். கொடுப்பவர், அது எப்படிப் படரும் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். உயிரோடு கழிவுநீரில் விடுவது அதைவிடக் கொடியது. ஜீனியாவின் உறவான உனோமியா, மீன்தொட்டி வணிகத்தின் வழியே வெனிசுலாவின் மொச்சிமா கடலுக்குள் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. அங்கே பவளப் பாறைகளையும் கடற்புல்லையும் மூடிவிட்டது. 2020இல் ஹவாயின் பேர்ல் ஹார்பரிலும் அது கண்டறியப்பட்டது. நமக்கு மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறை இருக்கிறது. கத்தரித்த ஒவ்வொரு துண்டையும் பிளீச் கலந்த நீரில் ஊறவைத்து, அது செத்த பிறகே குப்பையில் போடுங்கள்.