ஊசி போட்ட கை: 'டேக் மை ஹேண்ட்' நாவலை முன்வைத்து

இரட்டைக் காலக் கதை என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. பாட்டியின் பெட்டிக்குள் ஒரு கடிதக் கட்டு இருக்கும், பேத்தி அதைப் பிரிப்பாள். ஒரு அத்தியாயம் அன்று, ஒரு அத்தியாயம் இன்று என்று மாறி மாறிப் போய், கடைசியில் ரகசியம் வெளியே வந்துவிடும். அமெரிக்க நிறவெறியைப் பற்றியும் இதே அச்சில் நாவல்கள் வருகின்றன. படித்து முடித்ததும், "அந்தக் காலத்துல ஜனங்க இப்படியா இருந்தாங்க!" என்று பெருமூச்சு விட்டுவிட்டு நாம் தப்பித்துவிடலாம்.

டோலன் பெர்கின்ஸ்-வால்டெஸின் 'டேக் மை ஹேண்ட்' (2022) நாவலையும் அந்தச் சந்தேகத்தோடுதான் எடுத்தேன். ஆனா இது அப்படித் தப்பிக்க விடலை.

நாவலுக்கு அடித்தளம் ஒரு உண்மைச் சம்பவம். 1973இல் அலபாமாவின் மான்ட்கமரி நகரில் 14, 12 வயதுக் கறுப்பினச் சகோதரிகள் இருவருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, வழக்கமாகப் போடும் ஊசிக்குத்தான் சம்மதம் கேட்கிறார்கள் என்று நினைத்துக் காகிதத்தில் 'எக்ஸ்' குறி போட்டிருந்தார். நம்ம ஊர் கைநாட்டு மாதிரி. 'ரெல்ஃப் எதிர் வைன்பெர்கர்' என்ற பெயரில் வழக்கு நடந்தது. மத்திய அரசுப் பணத்தில் ஆண்டுக்கு 1,00,000 முதல் 1,50,000 ஏழைகளுக்குக் கருத்தடை நடந்திருப்பதாக ஒரு மதிப்பீட்டை நீதிபதி கெர்ஹார்ட் கெசல் 1974 தீர்ப்பில் குறிப்பிட்டார். அவர்களில் எத்தனையோ பேரை, உதவித்தொகையை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டித்தான் சம்மதிக்க வைத்திருந்தார்கள்.

கவனிச்சுப் பாருங்க, இதில் ரகசியம் எதுவுமே இல்லை. அந்த வருடமே பத்திரிகையில் வந்தது, செனட் குழு விசாரித்தது. அப்படியென்றால் 1973, 2016 என்று இரண்டு காலம் எதற்கு?

புதைந்து கிடப்பது கதைசொல்லியின் பங்கு. சிவில் டவுன்சென்ட் டாக்டர் வீட்டுப் பெண், டஸ்கிகீயில் படித்த கறுப்பின நர்ஸ். குடும்பக் கட்டுப்பாட்டு மையத்தில் வேலைக்குச் சேர்ந்து, எரிக்கா, இந்தியா என்ற இரண்டு சிறுமிகளுக்கு 'டெப்போ-ப்ரொவேரா' ஊசி போடுகிறாள். நல்லது செய்யத்தான் போகிறாள். சின்னவள் இன்னும் வயசுக்கே வரவில்லை என்பது பிறகுதான் உறைக்கிறது. அறுவை சிகிச்சை அவளுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அரசின் ஊசி பழகிப்போனதில் அவள் கைக்கும் பங்குண்டு. 2016இல் வயதான டாக்டராக, தத்து மகளிடம் அவள் சொல்லும் கதை இந்தக் கணக்குதான்.

டஸ்கிகீ என்றதும் இன்னொரு விஷயம் ஞாபகம் வரும். அங்கே 1932 முதல் 1972 வரை, 40 வருடம், சிஃபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்களை வைத்தியம் பார்க்காமலேயே கவனித்துக்கொண்டிருந்தது அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை. அந்த ஆண்களுக்கும் ஆய்வுக்கும் நடுவில் பாலமாக இருந்த யூனிஸ் ரிவர்ஸும் ஒரு கறுப்பின நர்ஸ்தான். ஏழை வீட்டுக் கதவை அரசு நேராக வந்து தட்டுவதில்லை. நம்பிக்கையான ஒரு முகத்தை அனுப்பிவைக்கும். சிவில் அப்படிப்பட்ட முகமாக இருந்தவள் என்பதுதான் நாவலின் பலம்.

குறையும் உண்டு. 2016 அத்தியாயங்கள் மெலிந்தவை. காரில் போகிறாள், பழைய ஆட்களைப் பார்க்கிறாள், பேசுகிறாள், அழுகிறாள். சிவிலுக்கு ஒரு ஆறுதல் கிடைக்கிறது. சகோதரிகளின் கோணத்தில் ஒரு அத்தியாயமாவது வரும் என்று காத்திருந்தேன், வரவேயில்லை. சின்னவள் இந்தியா பேசாத பெண். அவள் மௌனத்துக்கும் சிவில்தான் அர்த்தம் சொல்கிறாள். ஊசி போட்ட கையே கதையையும் எழுதுகிறது.

இது ஆசிரியர் அறிந்தே செய்ததா, இல்லை வடிவம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டதா? இரண்டு தடவை வாசிச்சும் எனக்குப் பிடிபடலை. ஆனால் ஒன்று: இந்த நாவலை மூடிவைத்த பிறகு, "அந்தக் காலத்துல" என்று ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை.