ஐந்து கோப்பை, பூஜ்ய நாயகன்: ஐபிஎல் எம்விபி கணக்கைப் பற்றி ஒரு குறிப்பு

சென்னை சூப்பர் கிங்ஸ் ஐபிஎல் கோப்பையை ஐந்து தடவை வாங்கியிருக்கிறது. 2010, 2011, 2018, 2021, 2023. அந்த ஐந்து வருஷமும் தொடரின் மிக மதிப்புமிக்க வீரர் என்று மேடையில் ஏறியவர்கள் வரிசையாக: சச்சின் டெண்டுல்கர் (மும்பை), கிறிஸ் கெயில் (பெங்களூரு), சுனில் நரைன் (கொல்கத்தா), ஹர்ஷல் படேல் (பெங்களூரு), சுப்மன் கில் (குஜராத்). ஒரு சென்னைக்காரர் கூட இல்லை. சரி, கோப்பை வாங்காத வருஷமாவது? அதிலும் இல்லை. 2008 முதல் 2025 வரை 18 தொடர்களில் மஞ்சள் சட்டையில் யாருமே இந்த விருதை வாங்கியதில்லை. தோனிக்கு இல்லை, ரெய்னாவுக்கு இல்லை, ஜடேஜாவுக்கும் இல்லை.

இதைச் சென்னை ரசிகனின் புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். மும்பையையும் பாருங்கள். 2013, 2015, 2017, 2019, 2020 என்று அவர்களும் ஐந்து கோப்பை. அந்த வருஷங்களில் விருது வாட்சனுக்கு, ரஸ்ஸலுக்கு, ஸ்டோக்ஸுக்கு, மறுபடி ரஸ்ஸலுக்கு, ஆர்ச்சருக்கு. யாரும் மும்பை ஆள் இல்லை. மும்பைக்காரர்கள் இருவர் வாங்கியிருக்கிறார்கள், டெண்டுல்கர் 2010-லும் சூர்யகுமார் யாதவ் 2025-லும். அந்த இரண்டு வருஷமும் மும்பைக்குக் கோப்பை இல்லை.

18 வருஷத்தையும் ஒரு எக்செல் தாளில் போட்டுப் பார்த்தேன். கோப்பை வென்ற அணிக்காரர் விருது வாங்கியது நான்கே முறை: 2008 வாட்சன், 2009 கில்கிறிஸ்ட், 2012-லும் 2024-லும் நரைன். இறுதி ஆட்டத்தில் தோற்ற அணிக்காரர் வாங்கியது ஏழு முறை. 2020-ல் ஆர்ச்சர் வாங்கியபோது அவருடைய ராஜஸ்தான் அணி பட்டியலில் கடைசி இடம்.

இதை வைத்து மட்டும் விருது மோசம் என்று சொல்லிவிட முடியாது. எட்டு பத்து அணி ஆடும் தொடரில் சும்மா சீட்டுக் குலுக்கினாலே 18-க்கு இரண்டு தடவை வென்ற அணிக்காரர் பெயர் வரும். நான்கு என்பது அதைவிட ஜாஸ்திதான். ஆனால் வென்ற அணி கடைசி நாள் வரை ஆடுகிறது, புள்ளி சேர்க்க அதிக ஆட்டம் கிடைக்கிறது. தோற்ற இறுதி அணிக்கும் அதே வசதிதான். அப்படியிருக்க ஏன் ஏழுக்கு நான்கு? இந்தக் கேள்விதான் என்னை ஃபார்முலாவுக்குள் இறங்க வைத்தது.

ஃபார்முலா என்ன சொல்கிறது

2012 வரை இதற்குத் தொடர் நாயகன் என்று பெயர். 2013-ல் இருந்து எம்விபி, புள்ளிக் கணக்கு. கணக்கு ரொம்ப எளிது. ஃபோர் அடித்தால் 2.5, சிக்ஸர் 3.5. விக்கெட்டுக்கு 3.5, டாட் பாலுக்கு 1. கேட்சுக்கு 2.5, ஸ்டம்பிங்குக்கு 2.5. அவ்வளவுதான். தொடர் முடிந்ததும் யாருக்கு அதிகமோ அவருக்கு விருது. யாரும் ஓட்டுப் போட வேண்டியதில்லை, யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

2025-ஐ எடுத்துச் சரிபார்த்தேன். சூர்யகுமார் 69 ஃபோர், 38 சிக்ஸர், 6 கேட்ச். 172.5 + 133 + 15 = 320.5. அறிவித்த புள்ளியும் 320.5. அடுத்து நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன். குஜராத் அணிக்காக 759 ரன், ஆரஞ்சு தொப்பி. 88 ஃபோர், 21 சிக்ஸர், 7 கேட்ச். 220 + 73.5 + 17.5 = 311. ஒன்பதரைப் புள்ளி வித்தியாசத்தில் விருது மும்பைக்குப் போனது.

இப்போது இந்தக் கணக்கில் எது இல்லை என்று பாருங்கள். ஓடி எடுத்த ரன் இல்லை! ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றுக்கும் பூஜ்யம். சாயின் 759-ல் ஃபோரும் சிக்ஸரும் சேர்த்து 478. மீதி 281 ரன் ஓடி எடுத்தது. சூர்யாவின் 717-ல் 504 பவுண்டரி வழியாக வந்தது, ஓடியது 213. ஓடிய ரன் ஒவ்வொன்றுக்கும் வெறும் 0.14 புள்ளி கொடுத்திருந்தால் போதும், விருது சாய்க்கு. ஒரு ரன்னுக்கு ஏழில் ஒரு பங்கு புள்ளி கூடக் கொடுக்க மனசு வராத கணக்கு இது.

இதைச் சொன்னதும் என் அக்கா மகன் குதித்தான். "அப்ப சாய்க்குத்தானே மாமா கொடுத்திருக்கணும்?" எனக்கும் ஆசைதான். ஆனால் ஓட்டையை அடைப்பது என்றால் எல்லா ஓட்டையையும் அடைக்க வேண்டும்.

இரண்டாவது ஓட்டை, பந்து. டாட் பால் போட்டவனுக்கு ஒரு புள்ளி வரவு. அதை ஆடி வீணாக்கிய பேட்ஸ்மேனுக்குப் பற்று எங்கே? எந்த மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளையும் ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் பற்று எழுதுவார். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு அணியின் கையிருப்பே 120 பந்துதான். அதைச் செலவழிப்பதற்குக் கணக்கே கிடையாதா?

சாய் 486 பந்தில் 759. சூர்யா 427 பந்தில் 717. அதாவது சாய் கூடுதலாக எடுத்த 42 ரன்னுக்குக் கூடுதலாகச் செலவழித்தது 59 பந்து. ஓவருக்கு 4.27 ரன். டெஸ்ட் மேட்ச் வேகம். ஓவருக்கு 9 ரன் என்று ஓர் அளவுகோல் வைத்துப் பாருங்கள்: 486 பந்துக்கு 729 ரன் வரவேண்டும், சாய் அதற்கு மேல் 30. 427 பந்துக்கு 640.5, சூர்யா அதற்கு மேல் 76.5. அளவுகோலை 8 ஆகக் குறைத்தாலும் சூர்யாதான் முன்னால். இத்தனைக்கும் சாய் தொடக்க ஆட்டக்காரர், முதல் ஆறு ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர்கள் நிற்கும்போது ஆடுகிறவர். சூர்யா நடுவில் இறங்கி, ஆடிய 16 ஆட்டத்திலும் 25-க்குக் குறையாமல் எடுத்தவர்.

ஆகவே 2025 விருது போன இடம் சரி. ஆனால் கணக்கு வாத்தியார் பாஷையில் சொன்னால், விடை சரி, வழிமுறை தப்பு. வழிமுறை தப்பாக இருக்கும்போது எல்லா வருஷமும் விடை சரியாக வராது.

செத்த பந்தும் உயிருள்ள பந்தும்

மூன்றாவது ஓட்டைதான் பெரியது. இந்தக் கணக்குக்கு ஆட்டத்தின் நிலவரம் தெரியாது.

2025 இறுதி ஆட்டம், ஜூன் 3, அகமதாபாத். பெங்களூரு 190. பஞ்சாப்புக்குக் கடைசி ஓவரில் 29 தேவை. ஹேசல்வுட்டின் முதல் இரண்டு பந்தில் ரன் இல்லை. மிச்சம் நான்கு பந்து, 29 ரன். நோ பாலோ வைடோ வந்தால் ஒழிய ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு ஷஷாங்க் சிங் 6, 4, 6, 6 அடித்தார். எம்விபி கணக்கில் 13 புள்ளி. அதே ஆட்டத்தில் குருணால் பாண்டியா நான்கு ஓவரில் 17 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். அந்த இரண்டு விக்கெட்டுக்கு 7 புள்ளி. பெங்களூரு 18 வருஷம் காத்திருந்து வாங்கிய கோப்பை, ஆறு ரன் வித்தியாசம். ஷஷாங்கைக் குறை சொல்லவில்லை, அவர் 30 பந்தில் 61 அடித்துக் கடைசி வரை நின்றவர். குறை தராசில்.

2023 இறுதி ஆட்டத்தை எந்தத் தமிழனும் மறந்திருக்க மாட்டான். மழை பெய்து, நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் பத்து ரன். ஜடேஜா மோகித் சர்மாவை ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். கோப்பை சென்னைக்கு. ஊரே தூங்காத அந்த இரண்டு அடிக்கும் கணக்கு கொடுப்பது 6 புள்ளி. முடிந்துபோன ஆட்டத்தில் ஷஷாங்க் வாங்கியதில் பாதிக்கும் குறைவு.

அதே ஆட்டத்தில் இன்னொன்று. அந்தத் தொடரில் 890 ரன் குவித்த சுப்மன் கில், முந்தைய ஆட்டத்தில் 60 பந்தில் 129 அடித்துவிட்டு வந்தவர், அன்றைக்கும் 20 பந்தில் 39. ஜடேஜா பந்தை விட்டார், கில்லின் கால் கோட்டைத் தாண்டி ஒரு நொடி கூட இருந்திருக்காது, தோனி பெயிலைத் தட்டிவிட்டார். இந்த ஸ்டம்பிங்குக்கு 2.5 புள்ளி. ஏற்கெனவே தோற்ற ஆட்டத்தில் பத்தாவது ஆட்டக்காரர் பேட்டின் விளிம்பில் பட்டு ஓடும் ஃபோருக்கும் அதே 2.5.

சென்னைக்கு ஏன் பூஜ்யம் என்பதும் இங்கேதான் விளங்குகிறது. 2023-ல் கான்வே 672, ருதுராஜ் 590, துபே 418, ரஹானே 326. தேஷ்பாண்டே 21 விக்கெட், ஜடேஜா 20, பத்திரனா 19. பாரம் ஏழு தோளில் பரவியிருக்கிறது. ஒரே ஆள் எல்லாப் பவுண்டரியையும் அடிக்கவேண்டிய கட்டாயம் இல்லாத அணிதான் கோப்பை வாங்குகிறது, அதே காரணத்தால் அந்த அணியில் யாரும் புள்ளிப் பட்டியலில் உச்சிக்குப் போவதில்லை. 2016-ல் கோலி 973 ரன் அடித்தார், விருது அவருக்கு, கோப்பை ஹைதராபாத்துக்கு. கோலிக்குக் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைத் தீர்மானித்தது ஒரு கூட்டல், ஒரு வாதம் அல்ல என்பதுதான் என் பிரச்சினை.

கூடைப்பந்துக்காரர்கள் எப்படிச் செய்கிறார்கள்

எம்விபி என்ற சொல்லை வைத்து உலகத்திலேயே அதிகமாகச் சண்டை போடுகிறவர்கள் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து ரசிகர்கள். அங்கே ஃபார்முலா கிடையாது, ஓட்டு. 2025-ல் நூறு பத்திரிகையாளர்கள் ஐந்து பெயரை வரிசைப்படுத்தினார்கள், முதல் இடத்துக்கு 10, பிறகு 7, 5, 3, 1. ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டருக்கு 71 முதல் ஓட்டு, நிக்கோலா யோக்கிச்சுக்கு 29. யோக்கிச் அந்தப் பருவம் முழுக்கப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் சராசரி இரட்டை இலக்கம். ஷாயின் அணி 82-ல் 68 வெற்றி. யார் பெரியவர் என்று மாதக்கணக்கில் எழுதினார்கள், பேசினார்கள். ஓட்டுப் போட்டவர் பெயரும் வெளியே வரும், அவர் பதில் சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்த வருஷம் 1962. வில்ட் சேம்பர்லெய்ன் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி, இன்று வரை யாரும் நெருங்காத எண். ஆஸ்கர் ராபர்ட்சன் மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி. விருது யாருக்கு? பாஸ்டன் அணியின் பில் ரஸ்ஸலுக்கு, சராசரி 18.9 புள்ளி. அப்போது ஓட்டுப் போட்டது பத்திரிகையாளர்கள் அல்ல, எதிரணியில் ஆடிய வீரர்களே. ரஸ்ஸலின் பெரிய ஆயுதம் எதிராளி எறியும் பந்தைத் தடுப்பது. அந்தத் தடுப்பை என்பிஏ அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில். அதாவது தாளில் அதற்குக் கட்டமே இல்லாத காலத்தில், எதிரே நின்று அடிபட்டவர்களுக்கு அதன் மதிப்பு தெரிந்திருந்தது. ஐபிஎல் ஃபார்முலாவை 1962-க்கு எடுத்துப் போயிருந்தால் சேம்பர்லெய்ன்தான், பேச்சே கிடையாது.

ஓட்டிலும் கோளாறு உண்டு. பிடித்த முகம், பெரிய நகரம், சலிப்பு எல்லாம் உள்ளே வரும். ஆனால் அந்தக் கோளாறுக்கு முகவரி இருக்கிறது, போய்ச் சண்டை போடலாம். 2.5-ஐ யாரிடம் போய்க் கேட்பது?

நமக்கென்ன?

ஐபிஎல் பெரிய இடம், அவர்கள் எப்படியும் கொடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பழக்கம் வெள்ளாற்றங்கரை வரை வந்துவிட்டது. தென்கரையில் எங்கள் லப்பைக்குடிக்காடு, வடகரையில் திட்டக்குடி. இரண்டு பக்கமும் டென்னிஸ் பந்துப் போட்டிகளில் இப்போது ஸ்கோரை மொபைல் ஆப்பில் ஏற்றுகிறார்கள். கடைசிப் பந்து விழுந்ததும் தொடர் நாயகன் யார் என்று திரை சொல்லிவிடுகிறது. முன்பெல்லாம் அம்பயரும் இரண்டு கேப்டனும் ஓரமாகப் போய்ப் பேசுவார்கள், குரல் உயரும், கடைசியில் சில சமயம் ஆறு கேட்ச் பிடித்த ஒரு பையன் பெயரை வாசிப்பார்கள். இப்போது யாரைக் கேட்டாலும் ஓபனிங் இறங்கணும் என்கிறான். கீப்பிங் நிற்க ஆள் பிடிப்பதுதான் கஷ்டம்.

என் தொழிலிலும் இதே கதை. மாதம் நாற்பது பக்-ஐ மூடியவர் திரையில் மின்னுவார். பக்கே வராத மாதிரி எழுதியவருக்கு எண் எதுவும் இல்லை. அப்ரைசல் நேரத்தில் எண் இல்லாதவர் இல்லாதவரே.

எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையே எண்ணால் ஆனது. ஓடிய ரன்னுக்கும் ஏதாவது கொடுங்கள். டாட் பாலைப் பேட்ஸ்மேன் கணக்கில் பற்று எழுதுங்கள். அதற்குப் பிறகு மேலே வரும் ஐந்து பெயரை வைத்துக்கொண்டு, பத்து அணிக் கேப்டன்களையும் ஓட்டுப் போடச் சொல்லுங்கள், தன் அணிக்காரருக்குப் போடக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. ஊர்ப் போட்டிக்கும் இது பொருந்தும், செலவு ஒரு துண்டுத் தாள்.

"இவன் எதிரணியில் இல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் ஜெயித்திருப்போம்" என்று யாரைப் பற்றி அதிகம் பேர் எழுதுகிறார்களோ, அவருக்குக் கொடுங்கள் விருதை. அந்த ஓட்டுமுறை 2008-ல் இருந்தே இருந்திருந்தால் சென்னைக் கணக்கு இன்னும் பூஜ்யத்தில்தான் நின்றிருக்குமா?