கால் வைக்காமலும் கலங்கும்

பொருட்காட்சி ஸ்டால்களிலும் சில அழகு நிலையங்களிலும் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்திருப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் உப்பு, உள்ளே ஒரு மின்கருவி. காலை விட்டு அரைமணி உட்கார வேண்டும். தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி ஆகிவிடும். 'பாருங்க சார், உங்க உடம்புல இருந்த நச்சு எல்லாம் இறங்கியிருக்கு!' என்பார்கள். கண்ணால் பார்த்தபின் யார் மறுப்பது? பர்ஸைத் திறக்க வேண்டியதுதான்.

தொட்டியில் மிதப்பது பெரும்பாலும் துரு. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகத் தகடுகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்தால், பாஸிட்டிவ் பக்கத்துத் தகடு கரையும். கரைந்த இரும்பு துருவாகித் தண்ணீருக்கு நிறம் கொடுக்கும். ஸ்கூல் கெமிஸ்ட்ரி, அவ்வளவே.

கண்டுபிடிக்க லேப் எல்லாம் வேண்டாம். 'கால் வைக்காம ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க' என்று கேளுங்கள். அப்போதும் கலங்கும். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், காலோடும் கால் இல்லாமலும் ஓட்டிப் பார்த்தார்கள். தண்ணீர், சிறுநீர், தலைமுடி எல்லாவற்றையும் சோதித்தார்கள். உடம்பிலிருந்து நச்சு வெளியேறியதற்குத் தடயமே இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன.

இதே கேள்வியை மற்ற இடங்களிலும் கேட்கலாம். 'எங்க மருந்துல ஜலதோஷம் ஒரே வாரத்துல போயிடும்' என்றால், மருந்தில்லாமல் எத்தனை நாள்? 'நூறு பேருக்கு குணமாச்சு' என்றால், ஆகாதவர்கள் எத்தனை பேர்? 'நச்சு' என்றால் எந்த நச்சு, அதற்குப் பெயர் உண்டா? இந்த மூன்றைக் கேட்டாலே பல கடைகளில் முகம் மாறும்.

தொட்டியோடு போனால் பணம்தான் நஷ்டம். பக்கத்து ஸ்டாலில் 'சர்க்கரையை வேரோடு ஒழிக்கும் பொடி, இன்சுலினைத் தூக்கிப் போடுங்கள்' என்கிறார்களே, அங்கேதான் பயம். டைப் 1 சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. 1922-ல் இன்சுலின் வருவதற்கு முன் அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் இறந்துபோனார்கள். இப்படிப்பட்ட விளம்பரங்களை 1954-லேயே நம் நாட்டில் சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. அதன் பட்டியலில் 54 நோய்கள், சர்க்கரையும் உண்டு. விளம்பரங்கள் மட்டும் நின்றபாடில்லை.

ஆகவே, யாராவது தொட்டியைக் காட்டினால் அவசரப்பட்டுச் செருப்பைக் கழற்றாதீர்கள். முதலில் ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள்.