இனியாவின் கூச்சம்

2020 ஜூலையில் விஜய் டிவியில் 'பாக்கியலட்சுமி' தொடங்கியது. பார்த்தது அம்மா. லாக்டவுன், வீட்டிலிருந்து வேலை. லேப்டாப்போடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பாக்கியாவைவிட அவள் மகள் இனியாவைத்தான் கவனித்தேன். இங்கிலீஷ் வராத அம்மா ஸ்கூலுக்கு வந்துவிடுவாளோ என்று கூசுகிற பெண்.

மூலம் 2019இல் வந்த 'ஸ்ரீமோயி' என்ற வங்காளத் தொடர். இந்தி 'அனுபமா'வில் இதே பெண்ணுக்குப் பெயர் பாகி. ஊர் மாறினாலும் கூச்சம் மாறவில்லை.

என் குறை ஒன்றுதான். இந்தக் கூச்சத்தை அம்மாவை அழவைக்கும் கருவியாக மட்டுமே தொடர் வைத்திருக்கிறது. இனியா முகம் சுளிப்பாள், பாக்கியா கண் கலங்குவாள், நமக்குக் கோபம் வரும், அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளைமேல்! அப்பா கோபி தினமும் பிள்ளைகள் எதிரிலேயே பாக்கியாவை மட்டம்தட்டுகிறான். மகள் படித்த பாடம் அது. இரண்டையும் காட்டுகிறார்கள், சேர்த்துக் காட்டவில்லை. தமிழ்நாட்டில் பெற்றோர் கூட்டத்தை இங்கிலீஷில் நடத்துகிற பள்ளிக்கூடத்தையும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் சிங்கப்பெருமாள் கோவிலில், ஒரகடம் ரோட்டில் காலையில் கம்பெனி பஸ்ஸும் ஸ்கூல் வேனும் முட்டிக்கொண்டு நிற்கும். நைட் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வரும் அப்பாவைப் பார்த்தும் பார்க்காததுபோல வேனில் ஏறும் பிள்ளைகள் உண்டு. அவர்களைப் பற்றி ஒரு எபிசோடு எடுக்கலாம்.

எனக்கும் இதில் பங்குண்டு. எட்டாம் வகுப்பில் பேரண்ட்ஸ் மீட்டிங் தேதியை அம்மாவிடம் சொல்லாமல் மறைத்தவன் நான். இனியாவை நான் திட்டிய ஒரு நாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே அம்மா சொன்னார்: "விடுடா, அந்தப் புள்ளைக்கு ஸ்கூல்ல என்ன பயமோ."